திறந்த சாவியின் குறுக்கே எத்தனை வோல்ட்?

12 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்று. அதனோடு 2 ஓம், 4 ஓம் மின்தடைகள் இரண்டும் ஒரு சாவியும் தொடரிணைப்பில் உள்ளன. சாவி மூடியிருக்கும்போது மின்தடைகளின் குறுக்கே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு என்று கேட்டால், இந்தியாவின் எந்த மூலையில் இயற்பியல் படித்த மாணவரும் அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்: மின்னோட்டம் 2 ஆம்பியர், ஒன்றின் குறுக்கே 4 வோல்ட், மற்றதன் குறுக்கே 8 வோல்ட். இப்போது சாவியைத் திறந்துவிட்டு, திறந்த சாவியின் இரு முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட் என்று அதே மாணவரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் வரும் விடை ‘சுழி’. காரணமும் தயக்கமின்றி வரும். மின்னோட்டம் சுழி; வி = ஐஆர்; எனவே மின்னழுத்தமும் சுழி.

சரியான விடை 12 வோல்ட். மின்னோட்டம் இல்லாததால் இரு மின்தடைகளிலும் சரிவு இல்லை. ஆகவே மின்கல அடுக்கின் இரு முனைகளின் அழுத்த நிலைகளும் குறையாமல் சாவியின் இரு உதடுகள் வரை வந்து நிற்கின்றன. பிளவின் இப்புறம் 12, அப்புறம் சுழி. இதைச் சொல்ல எந்தக் கணக்கும் தேவையில்லை. தேவைப்படுவது ஒன்றே ஒன்று: மின்னழுத்த வேறுபாடு என்பது இரு புள்ளிகளுக்கிடையிலான வேறுபாடு என்ற நினைவு. அந்த நினைவைத்தான் இந்திய இயற்பியல் வகுப்பறை பத்தாம் வகுப்பிலிருந்து முதுகலை வரை பொறுமையாக அழித்து வருகிறது.

இது மாணவர்களின் மந்தத்தைப் பற்றிய புலம்பல் அன்று. 1983இல் இஸ்ரேலைச் சேர்ந்த கோஹன், ஐலன், கனியல் ஆகிய மூவரும் எளிய மின்சுற்றுகள் குறித்த மாணவர் கருத்துருக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதையே சொன்னது. மாணவர் மனத்தில் முதற்கருத்தாக இருப்பது மின்னோட்டம். மின்னழுத்த வேறுபாடு அதன் விளைவாகவே எண்ணப்படுகிறது. காரணம் எது, காரியம் எது என்பது தலைகீழாகிவிடுகிறது. அவர்கள் ஆராய்ந்தது மாணவர்களை மட்டுமன்று, ஆசிரியர்களையும்தான். 1992இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெக்டெர்மட்டும் ஷாஃபரும் இன்னும் எளிய வினாவொன்றை வைத்தார்கள். ஒரே வகையான ஐந்து மின்விளக்குகள். ஒன்று தனியாக, இரண்டு தொடரிணைப்பில், இரண்டு பக்க இணைப்பில். ஒளியின் வரிசையைச் சொல்ல வேண்டும். நுண்கணிதம் சார்ந்த இயற்பியலைப் பயின்ற மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். நோய் உலகப் பொதுவானது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அறியப்பட்ட நோய்க்கு மருந்து தேடாமல், நோயையே தகுதித் தேர்வாக்கிக் கொண்ட பெருமை இங்குள்ள கல்விமுறைக்குச் சிறப்பாக உரியது.

என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலைப் பார்க்கலாம். நியாயமாகச் சொன்னால், அதில் வரையறை சரியாகவே இருக்கிறது: ஓரலகு மின்னூட்டத்தை ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு நகர்த்தச் செய்யப்படும் வேலை. ஆனால் வரையறை முடிந்த கையோடு ஓம் விதி வந்து அமர்ந்துவிடுகிறது. அதன்பின் ‘வேலை’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. தொடரிணைப்பை விளக்கும் செயல்பாட்டுக்கு நூல் பரிந்துரைக்கும் மதிப்புகள் 1 ஓம், 2 ஓம், 3 ஓம் போன்றவை. மின்கல அடுக்கு 6 வோல்ட். இம்மூன்றையும் இணைத்தால் மின்னோட்டம் சரியாக 1 ஆம்பியர். ஆகவே மின்னழுத்தச் சரிவுகள் 1, 2, 3 வோல்ட். ஓமும் வோல்ட்டும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. வோல்ட்மீட்டரை இணைக்கும் முன்பே விடை தெரிந்துவிடுகிறது. தெரிந்த விடைக்கு எதற்குக் கருவி?

அந்தச் செயல்பாட்டை உண்மையிலேயே செய்து பார்ப்பவருக்கு வேறொன்று காத்திருக்கிறது. 1.5 வோல்ட் உலர் மின்கலங்கள் நான்கை அடுக்கி 1 ஆம்பியர் இழுத்தால், முனைகளுக்கிடையே 6 வோல்ட் நிற்காது. மின்கலங்களின் அக மின்தடை, வரைபடத்தில் இல்லாத நான்காவது மின்தடையாகத் தொடரிணைப்பில் உட்கார்ந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மூன்று அளவீடுகளின் கூட்டுத்தொகை 6க்குக் குறைவாக வரும். தொடரிணைப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த தருணம் அமையாது. ஆனால் அந்தத் தருணத்தில் நடப்பது என்ன? அளவீடு ‘திருத்தப்படுகிறது’. பதிவேட்டில் 1, 2, 3 என்று எழுதப்பட்டு, ‘மெய்ப்பிக்கப்பட்டது’ என்று முத்திரையிடப்படுகிறது. விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீட்டைக் கண்டடையும் கலையில் இந்நாட்டு ஆய்வகப் பதிவேடுகளுக்கு நிகரானவை குறைவு.

கல்லூரி ஆய்வகத்தில் இதே கதை இன்னொரு வடிவில். 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடரிணைத்து 10 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொன்றின் குறுக்கேயும் 5 வோல்ட் என்பது கணக்கு. 100 கிலோ ஓம் மின்தடை கொண்ட முள் வோல்ட்மீட்டரை வைத்து அளந்தால் 3.33 வோல்ட்தான் காட்டும். அடுத்ததன் குறுக்கே வைத்தாலும் அதே 3.33. இரண்டையும் கூட்டினால் 6.67. மீதி 3.33 வோல்ட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மீட்டர் தன்னைப் பக்க இணைப்பில் செருகிக்கொண்டு 100 கிலோ ஓமை 50 ஆக்கிவிட்டது. அளக்கும் செயலே அளக்கப்படும் சுற்றை மாற்றிவிட்டது. 10 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட இலக்கமுறை மல்டிமீட்டரில் இது 4.975 என வரும். பிழை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பழைய முள் மீட்டர் கற்றுக்கொடுத்ததைப் புதிய மீட்டர் கற்றுக்கொடுக்காது என்பது ஒரு துயரமான வேடிக்கை.

வாய்பாட்டுப் பயிற்சியின் மறுபக்கம் கோட்டாவிலும் ஐதராபாத்திலும் தழைத்து நிற்கும் பயிற்சி மையங்கள். அங்கே பயின்றவர் பன்னிரண்டு மின்தடைகளாலான கனசதுரத்தின் மூலைவிட்ட மின்தடையை ஒரு நிமிடத்தில் சொல்வார். முடிவிலா ஏணிச்சுற்றை இருபடிச் சமன்பாடாக்கித் தீர்ப்பார். இத்திறனை இகழ வேண்டியதில்லை. ஆனால் கனசதுரத்தை மடக்கும் அந்தத் தந்திரம் எதன்மேல் நிற்கிறது? சமச்சீரால் சில மூலைகள் ஒரே அழுத்த நிலையில் உள்ளன. ஒரே அழுத்த நிலையில் உள்ள புள்ளிகளை இணைத்தாலும் துண்டித்தாலும் சுற்றில் ஒன்றும் மாறாது என்பதன்மேல். அதாவது முழுத் தந்திரமும் மின்னழுத்தம் என்ற கருத்துதான். மாணவருக்கு அது ‘மடிப்பு முறை’ என்ற பெயரில், கருத்து நீக்கப்பட்டு, சக்கையாகக் கொடுக்கப்படுகிறது. அதனால்தான் கனசதுரத்தைத் தீர்த்தவர் திறந்த சாவியில் விழுகிறார்.

இன்னொரு வினா இதைத் தெளிவாக்கும். முதற்சுற்றில் 4 ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 10 ஓம் வைத்தால், அதற்கு ‘முன்னால்’ இருக்கும் 2 ஓம் மின்தடையின் சரிவு என்னாகும்? மின்னோட்டம் 1 ஆம்பியராகக் குறையும். 2 ஓமின் குறுக்கே 4 வோல்ட் இருந்த இடத்தில் 2 வோல்ட் ஆகும். கணக்குப் போடச் சொன்னால் எல்லாரும் போடுவார்கள். கணக்கில்லாமல் சொல்லச் சொன்னால், ‘மாற்றம் பின்னால்தானே நடந்தது, முன்னாலிருப்பதற்கு எப்படித் தெரியும்?’ என்று பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் முட்டாள்தனமன்று; அது உண்மையான இயற்பியல் வினா. எப்படித்தான் தெரிகிறது?

இதற்குப் பாடநூல்கள் விடை தருவதில்லை. விடை, கம்பியின் மேற்பரப்பில் இருக்கிறது. சுற்று மூடப்பட்டவுடன் கடத்திகளின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் மிகக் குறுகிய காலத்தில் மறுபரவல் கொள்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மின்புலம் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம் பாயுமோ அந்த அளவு மின்புலம் அமையும்வரை அந்த மறுபரவல் நிகழ்கிறது. மின்தடை மிகுந்த இடத்தில் புலம் மிகுதி. தாமிரக் கம்பியில் மிகச் சொற்பம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது மீட்டருக்கு 17 மில்லிவோல்ட் மட்டுமே சரிவு. அதனால்தான் ‘இணைப்புக் கம்பியில் சரிவு இல்லை’ என்று துணிந்து சொல்ல முடிகிறது. அது சட்டமன்று, நல்ல தோராயம். சாபேயும் ஷெர்வுடும் எழுதிய அமெரிக்கப் பாடநூல் இந்த மேற்பரப்பு மின்னூட்டங்களைக் கொண்டே மின்சுற்றை முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கிறது. இங்கோ நிலைமின்னியல் ஓர் இயல், மின்னோட்டவியல் அடுத்த இயல். இரண்டுக்கும் நடுவே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. முன்னதில் வந்த மின்புலமும் பின்னதில் வரும் மின்னழுத்தமும் ஒரே குடும்பம் என்பது முதுகலை முடித்தவருக்கும் சில வேளை செய்தியாக இருக்கிறது.

வரலாறு தெரிந்தால் இந்த அவசரம் வெட்கப்படத்தக்கது என்பது விளங்கும். கோல்ன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஓம், வோல்ட்டா அடுக்கின் மின்னோட்டம் நிலையற்று அலைந்ததால், பிஸ்மத்–தாமிர வெப்ப இரட்டையைக் கொண்டு தம் அளவீடுகளைச் செய்தார். 1827இல் வெளியான அவருடைய நூல், ஃபூரியேயின் வெப்பப் பாய்வுக் கோட்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, கம்பி நெடுகச் சரிந்து செல்லும் ஓர் அளவைப் பற்றிப் பேசியது. சரிவது எது என்பது அன்று தெளிவாக இல்லை. மாணவராக இருந்தபோதே 1845இல் தம் சுற்று விதிகளை வெளியிட்ட கிர்க்காஃப், 1849இல்தான் ஓம் சொன்ன அந்த அளவும் நிலைமின்னியலின் அழுத்தமும் ஒன்றே என்று காட்டினார். 22 ஆண்டுகள். பெரிய அறிஞர்களுக்கு 22 ஆண்டு பிடித்த ஓர் ஒருமைப்பாட்டை இந்தியப் பாடநூல் ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டு, மாணவருக்குப் புரியவில்லையே என்று வியக்கிறது.

இதில் உண்மையில் ஆபத்துக்குள்ளாவது மதிப்பெண் அன்று. தீபாவளிக்கும் கணேச சதுர்த்திக்கும் தொங்கவிடப்படும் சீரியல் விளக்கை எடுத்துக்கொள்ளலாம். பழைய வகைச் சரத்தில் 6 வோல்ட் குமிழ்கள் 40 அளவில் தொடரிணைப்பில் இருக்கும்; எரியும்போது ஒவ்வொன்றின் பங்கும் 5.75 வோல்ட். ஒரு குமிழின் இழை அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். ‘மின்னோட்டம் இல்லை, ஆகவே மின்னழுத்தம் இல்லை’ என்று நம்பும் பட்டதாரி, செருகியைப் பிடுங்காமல் அந்தக் குமிழைக் கழற்றி இரு முனைகளையும் தொட்டால், அவர் தொடுவது 5.75 வோல்ட்டை அன்று. அறுந்த இடத்தின் குறுக்கே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கிறது. திறந்த சாவி வினாவின் விடை இங்கே உயிரோடு விளையாடுகிறது.

அதே சரத்தைப் பழுது பார்க்கும் தெருமுனைக் கடைக்காரர் இந்தத் தவறைச் செய்வதில்லை. டெஸ்டரை ஒவ்வொரு குமிழாக வைத்துக்கொண்டு போவார்; எரிந்துகொண்டே வந்த டெஸ்டர் எந்தக் குமிழைத் தாண்டியதும் அணைகிறதோ அதுவே பழுதான குமிழ். மின்னோட்டம் இல்லாத கம்பியில் சரிவு இல்லை, முழுச் சரிவும் பிளவில் என்பதை அவர் கைகள் அறிந்திருக்கின்றன. வீட்டில் நியூட்ரல் அறுந்தால் சாக்கெட்டின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரிவதைப் பார்த்து ‘நியூட்ரல் கட்’ என்று ஒரே வார்த்தையில் முடிவு சொல்கிறார். எங்கோ சுவிட்ச் போடப்பட்ட விளக்கொன்றின் வழியே ஃபேஸின் அழுத்தநிலை சரியாமல் மறுபுறம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். சுவிட்சை ஃபேஸில்தான் போட வேண்டும், நியூட்ரலில் போடக்கூடாது என்ற விதியின் காரணமும் இதுவே: நியூட்ரலில் போட்ட சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர் 230 வோல்ட்டிலேயே இருக்கும்.

டெஸ்டரே ஒரு தொடர்சுற்று என்பதை எந்த வகுப்பில் சொல்கிறார்கள்? பத்து லட்சம் ஓம் அளவிலான மின்தடை, சிறு நியான் விளக்கு, தரையில் நிற்கும் மனித உடல்: மூன்றும் தொடரிணைப்பில். நியான் ஏறத்தாழ 60 வோல்ட் எடுத்துக்கொள்ள, மிச்சமுள்ள 170 வோல்ட்டையும் கிட்டத்தட்ட முழுதாக அந்தப் பெரிய மின்தடை விழுங்கிவிடுகிறது. மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உடலை 2000 ஓம் என்று கொண்டால் அதன் குறுக்கே விழுவது மூன்றில் ஒரு வோல்ட். மின்னழுத்தம் மின்தடையின் விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்ற விதியை நம்பித்தான் நாடு முழுவதும் மின்பணியாளர்கள் நாள்தோறும் 230 வோல்ட்டைக் கட்டைவிரலால் தொடுகிறார்கள். இதைவிடத் துணிச்சலான செய்முறை எந்த ஆய்வகக் கையேட்டிலும் இல்லை.

மின்பாதையின் கடைசியில் இருக்கும் உழவருக்கும் இந்த அறிவு உண்டு. மின்மாற்றியிலிருந்து அவர் மோட்டார்வரை போகவரக் கம்பியின் மின்தடை 1 ஓம் என்றால், 30 ஆம்பியர் பாயும் மாலை வேளையில் கம்பியே 30 வோல்ட்டைத் தின்றுவிடும். அவருக்குக் கிடைப்பது 200. சுமை மாறாத தூண்டு மோட்டார் அழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கும். அதனால் சரிவு இன்னும் கூடும். கடைசியில் சுருள் கருகும். ‘இணைப்புக் கம்பியில் சரிவு இல்லை’ என்பதைத் தோராயம் என்று சொல்லாமல் சட்டம் என்று கற்பித்த கல்விக்கு இவர் முன்னால் நின்று பேச வாயில்லை.

இந்த வாதத்துக்கு எதிர்வாதங்கள் இரண்டு வழக்கமாக எழும். முதலாவது, நீரோட்ட உவமை இருக்கிறதே, அது போதாதா என்பது. உவமை குற்றமற்றது, அதைப் பாதியில் நிறுத்துவதுதான் குற்றம். மூடிய குழாயின் பின்னால் நீர் ஓடவில்லை, ஆனால் அழுத்தம் முழுதாக நிற்கிறது என்பது தொட்டி வைத்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். திறந்த சாவி என்பது மூடிய குழாய். ‘திற’, ‘மூடு’ என்ற சொற்கள் இரண்டு துறைகளிலும் எதிரெதிராகப் பொருள்படுகின்றன என்ற ஒரு சிறு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டால், உவமையே சரியான விடைக்குக் கொண்டுபோய் விடும். இந்தி நூல்களில் வழங்கும் ‘விபவாந்தர்’ என்ற சொல்லுக்குள்ளும், தமிழின் ‘மின்னழுத்த வேறுபாடு’ என்ற தொடருக்குள்ளும் வேறுபாடு என்பது பத்திரமாக இருக்கிறது. பேச்சில் அது ‘வோல்டேஜ்’ என்று சுருங்கும்போது, இரண்டு புள்ளிகளில் ஒன்று தொலைந்துபோகிறது.

இரண்டாவது எதிர்வாதம் பாடச்சுமை. இதுதான் இன்று ஆட்சி செய்வது. 2022இல் சுமைக்குறைப்பு என்ற பெயரில் என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலிலிருந்து மீட்டர் சமனச்சுற்றும் மின்னழுத்தமானியும் நீக்கப்பட்டன. மற்ற நீக்கங்களைப் பற்றி நாளேடுகளில் எழுந்த கூச்சல் நியாயமானது. இந்த நீக்கத்தைப் பற்றி எழுந்த குரல் மிகக் குறைவு. காரணம், மின்னழுத்தமானி ஒரு பழைய கருவி, இன்று யாரும் பயன்படுத்துவதில்லை என்ற எண்ணம். கருவி பழையதுதான். ஆனால் மின்னழுத்தச் சரிவைக் கண்ணால் காணவும் விரலால் தொட்டு நகரவும் இடம் தந்த ஒரே பாடம் அதுதான். 10 மீட்டர் கம்பி, அதன் குறுக்கே 2 வோல்ட். சென்டிமீட்டருக்கு 2 மில்லிவோல்ட். ஜாக்கியை நகர்த்த நகர்த்த அழுத்தம் படிப்படியாக மாறுகிறது; ஓரிடத்தில் கால்வனாமீட்டரின் முள் சுழியில் நிற்கிறது. அந்தக் கணத்தில் அளக்கப்படும் மின்கலத்திலிருந்து மின்னோட்டமே இல்லை. ஆனால் அதன் மின்னழுத்தம் முழுமையாக அளக்கப்படுகிறது. மின்னோட்டம் சுழியானால் மின்னழுத்தமும் சுழி என்ற மூடநம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு பள்ளிப் பாடத்தில் வேறெங்கும் இல்லை. நீக்கப்பட்டது சுமையன்று, மருந்து.

குறைந்த செலவில் இது முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமப்புறக் குழந்தைகளின் கையில் எளிய பொருள்களைக் கொடுத்துச் செய்து பார்த்துக் கற்க வைத்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. தோல்வியடைந்த சோதனைகளை மூடுவது உலக வழக்கம். நடந்துகொண்டிருந்த ஒன்றை மூடிவிட்டு, அதன்பின் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற சொல்லைக் கொள்கை ஆவணந்தோறும் எழுதிக்கொண்டிருப்பது இந்நாட்டு வழக்கம்.

பல்கலைக்கழகங்களும் தப்பிக்க முடியாது. பள்ளியில் பிழையாகப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று சொல்லும் துறைகள், அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்புபவை தாங்களே என்பதை வசதியாக மறந்துவிடுகின்றன. ஆய்வு மாணவர் சேர்க்கை நேர்காணலில் குவாண்டம் புலக்கோட்பாட்டைப் பற்றிக் கேட்கும் குழு, இரண்டு மின்தடையும் ஒரு திறந்த சாவியும் கொண்ட படத்தைக் கரும்பலகையில் வரைந்து கேட்கத் தயங்குகிறது, அது தரக்குறைவாம். தரக்குறைவு என்பது வினாவிலா, விடையைக் கேட்டறிய நேரும் அச்சத்திலா என்பதை அந்தந்தக் குழுவே அடுத்த நேர்காணலில் சோதித்துக்கொள்ளலாம். மின்னழுத்தமானிகள் இன்னும் எல்லாக் கல்லூரிகளின் அலமாரிகளிலும் கிடக்கின்றன. கம்பி கொஞ்சம் துருவேறியிருக்கும். மணல்தாள் தேய்த்தால் போதும்.